பிஸ்டனின் கடையாணி



கோவில்பட்டி வட்டாரத்தில் பிறந்தவர்களுக்குக் கடையாணியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாட்டுவண்டியின் அச்சு முனையில், சக்கரம் கழன்று போகாதபடி காத்து நிற்கும் சிறிய இரும்பு முளை அது. உருவத்தில் சிறியதை இகழலாகாது என்பதற்கு வள்ளுவர் தேரின் அச்சாணியையே சான்று காட்டினார். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் அத்தகையதொரு கடையாணிதான். ஆனால் அது வண்டியில் இல்லை; எஞ்சினின் வயிற்றுக்குள் இருக்கிறது.

கரிசல் பூமி பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. கோவில்பட்டியில் 1901-ல் தொடங்கப்பட்ட வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இம்மண்ணின் மானாவாரிப் பயிர்களை ஆராய்ந்து வருகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தி, உளுந்து, மக்காச்சோளம் ஆகியவற்றை உழவர்கள் விதைக்கிறார்கள். 2018-ல் இந்தியாவில் தென்பட்ட படைப்புழு மக்காச்சோளத்துக்குப் பெரும் பகையாயிற்று. உரிய நேரத்தில் மருந்து தெளித்தாக வேண்டும். முதுகில் சுமக்கும் விசைத்தெளிப்பான்கள் பலவற்றில் இருப்பது சிறிய டூ ஸ்ட்ரோக் எஞ்சின். 1980-ல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 வண்டியிலும் அவ்வகை எஞ்சினே இருந்தது.

இதன் பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைப்பது பிஸ்டன் பின் என்னும் எஃகுக் குழல். பிஸ்டனோ அலுமினியக் கலவை. சூடேறும்போது அலுமினியம் எஃகைவிட மிகுதியாக விரியும். ஆதலால் பின் தன் துளையில் தளர்ந்து, தாராளமாகச் சுழலும். தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் பரவுவதற்கு அந்தச் சுழற்சி நல்லது. ஆனால் பக்கவாட்டில் நகர்ந்தால் சிலிண்டர் சுவரை உழுதுவிடும். அதைத் தடுக்கவே துளையின் இரு முனைகளிலும் பள்ளம் வெட்டி, வில்லெஃகு வளையம் ஒன்றைப் பொருத்துகிறார்கள். பட்டறையில் இதைப் 'பின் லாக்' என்பார்கள். 'சர்க்கிளிப்' என்றும் சொல்வார்கள்.

இவ்வளையத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று உருண்டைக் கம்பியை வளைத்தது. மற்றொன்று தகட்டில் வெட்டியெடுத்தது. உருண்டைக் கம்பிக்கு உருண்டைப் பள்ளம், தகட்டு வளையத்துக்குச் சதுரப் பள்ளம். இவற்றை மாற்றிப் போடலாகாது. கம்பி வளையம் உள்ள எஞ்சினில் பின்னின் முனை பெரும்பாலும் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். பின் நெருக்கும்போது அச்சரிவு வளையத்தைப் பள்ளத்துக்குள்ளேயே அழுத்தும். தகட்டு வளையத்திலோ ஒரு பக்கத்து விளிம்பு மழுங்கியும் மறுபக்கத்து விளிம்பு கூராகவும் இருக்கும். கூரான பக்கம் பின்னை நோக்காமல் வெளிப்புறம் நோக்க வேண்டும். அப்போதுதான் அது பள்ளத்தின் சுவரை இறுகப் பற்றும்.

இனி, வளையத்தின் வாய் எத்திசையில் இருக்க வேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பிஸ்டனின் வீச்சு 42 மில்லிமீட்டர். எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீச்சின் கோடியில் பிஸ்டன் பெறும் முடுக்கம், பூமியின் ஈர்ப்பைப்போல் ஏறத்தாழ 590 மடங்கு. ஒரு கிராம் எடையுள்ள வளையம் அக்கணத்தில் அரைக் கிலோவுக்கு மேற்பட்ட விசையைத் தாங்குகிறது. அந்த விசையின் திசையும் நிமிடத்துக்கு 10,000 முறை மாறுகிறது. வாய் பக்கவாட்டில் இருந்தால், இந்த விசை வளையத்தின் முனைகளை ஒன்றை நோக்கி ஒன்றாக நெருக்கி, வளையத்தைச் சுருக்கிப் பள்ளத்திலிருந்து வெளியேற்றப் பார்க்கும். ஆகவே தயாரிப்பாளர் வேறுவிதமாகக் குறிப்பிட்டாலன்றி, வாய் நேர் மேலோ நேர் கீழோ இருக்க வேண்டும். கழற்றுவதற்கென்று பிஸ்டனில் வெட்டியுள்ள பிளவுக்கு நேராகவும் வாய் வரலாகாது.

பொருத்தும் முறையைச் சொல்கிறேன். கழற்றிய வளையத்தை மறுபடி போடாதீர்கள். ஒருமுறை நெரிந்த வில்லுக்குப் பழைய விறைப்பு இராது. பள்ளத்தில் கரியும் கரிசல் தூசியும் இல்லாதபடி துடையுங்கள். ஒரு வளையத்தை மேசைமீதே மாட்டிவிடுங்கள். கிராங்க் கேஸின் வாயைத் தூய துணியால் மூடிக்கொள்ளுங்கள். துள்ளிப் பறக்கும் வளையம் உள்ளே விழுந்தால் முழு எஞ்சினையும் பிரிக்க நேரும். கண்ணாடி அணிந்து கண்ணையும் காத்துக்கொள்ளுங்கள். பிஸ்டனை இதமாகச் சூடாக்கினால் பின் கையாலேயே நுழையும். சுத்தியலால் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். வளைந்த ராடு பின்னை ஓயாமல் ஒரு பக்கமாகத் தள்ளி, புது வளையத்தையும் கழற்றிவிடும். இரண்டாவது வளையத்தைத் தேவைக்குமேல் நெரிக்காமல் மாட்டி, சுற்றெங்கும் பள்ளத்தில் படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒருமுறை ஒரு பட்டறையில், பிரித்துப் போட்டிருந்த தெளிப்பானைப் பார்த்தேன். சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக ஆழமான கீறல். பிஸ்டனின் ஓரம் அரிக்கப்பட்டிருந்தது. பழைய வளையத்தையே திரும்பப் போட்டதன் விளைவு அது. அருகே நின்ற உழவர் சிலிண்டரின் விலையைக் கேட்கவில்லை, "எத்தனை நாளாகும்?" என்றுதான் கேட்டார். கதிர் வாங்கும் பயிரில் இருந்த புழு அத்தனை நாள் காத்திருக்காது என்பது அவருக்குத் தெரியும்.

நாளை உங்களில் சிலர் பொறியியல் கற்பீர்கள்; சிலர் பட்டறை வைப்பீர்கள்; சிலர் நிலத்தைப் பார்ப்பீர்கள். பெரிய பாகங்களைக் கவனமாகப் பார்ப்பது எல்லாருக்கும் இயல்பு. சில ரூபாய் வளையத்தின் கூரான பக்கம் எது, வாய் எந்தப் பக்கம் என்று நின்று பார்ப்பவனே தொழில் தெரிந்தவன். வண்டி பூட்டுமுன் கடையாணியைத் தொட்டுப் பார்த்த நம் முன்னோர்க்கு அந்தப் பழக்கம் இருந்தது. அதை எஞ்சினுக்கும் கொண்டுவருவது உங்கள் கையில் இருக்கிறது.