புழுங்கல்

(தமிழ்மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘அடுக்களையில் அறிவியல்’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு மன்றத்தார் பணித்தனர். அடுக்களையிலுள்ள எல்லாவற்றையும் தொட்டுப் பேசினால் எதனையும் சுவைக்க நேரமிராது. ஆகவே ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். நம் வீட்டுப் பானையிலுள்ள புழுங்கலரிசியே அது. இதில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நகைக்கலாம். பல்லாயிரம் பேர் உயிர் பிழைத்ததும் பல்லாயிரம் பேர் உயிர் துறந்ததும் இவ்வரிசியைத் தின்றதாலும் தின்னாமையாலும் நிகழ்ந்தவை என்றால் நகைப்பு நின்றுவிடும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘புழுங்கு’ என்பது வினையடி. வெளியே போகவொண்ணாத வெம்மையும் ஈரமும் உள்ளேயே நின்று வேலைசெய்வதைக் குறிப்பது. காற்றில்லாத மாலையில் ‘புழுக்கமாக இருக்கிறது’ என்கிறோம். மனம் புழுங்குகிறது என்கிறோம். வேகவைத்த அவரையைப் ‘புழுக்கு’ என்று பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. நெல்லை வேகவைப்பதற்கும் நம்மவர் இச்சொல்லையே வைத்தனர். உமிக்குள் அடைபட்ட அரிசி, தன் ஈரத்திலும் வெம்மையிலும் தானே வேகிறது. அங்கே நடப்பது எதுவோ அதுவே சொல்லாக நிற்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல்லோ ‘அரைவேக்காடு’ என்னும் அளவிலேயே நின்றுவிடுகிறது.

செய்முறையை இங்குள்ள தாய்மார் என்னைவிட நன்கறிவர், இளைஞர்க்காகச் சொல்கிறேன். நெல்லைத் தண்ணீரில் ஊறவைப்பர். ஊறிய நெல்லை அண்டாவிலிட்டு ஆவியில் அவிப்பர். உமி வாய் பிளக்கும் பதம் தெரிந்ததும் இறக்கிக் களத்தில் பரப்பிக் காலால் துழாவி உலர்த்துவர். காய்ச்சல் மிகுந்தாலும் குறைந்தாலும் அரிசி நொறுங்கும்; ஆகவே நெல்லைப் பல்லில் கடித்துப் பதம் பார்ப்பர். அதன்பின்னரே குத்துவதும் அரைப்பதும். அறுவடை முடிந்த நாள்களில் ஊர்முழுதும் அவித்த நெல்லின் மணம் கமழும். நெல் அவித்த பெண்கள் விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டியவர்கள் என்பதையும் அம்மணத்தோடு சேர்த்தே நினைக்கவேண்டும்.

உமிக்குள் என்ன நிகழ்கிறது? நெல்மணியின் நடுவில் இருப்பது மாவுச்சத்து. அதைச் சுற்றித் தவிட்டுப் படலம், ஓரத்தில் முளைக்கரு. தயமின் எனப்படும் உயிர்ச்சத்தில் பெரும்பகுதி இந்தத் தவிட்டிலும் முளைக்கருவிலுமே தங்கியிருக்கிறது. பச்சைநெல்லை ஆலையில் தீட்டும்போது தவிடும் முளையும் உதிர்கின்றன. உயிர்ச்சத்தும் அவற்றோடு போய்விடுகிறது. ஆனால் தயமின் நீரில் கரைவது. நெல் ஊறும்போதும் அவியும்போதும் அது கரைந்து, நீரோடு அரிசியின் உட்பகுதிக்குள் செல்கிறது. ஏறத்தாழ 70 பாகை வெப்பத்தில் மாவுச்சத்து கூழாகி இளகி, மணியிலுள்ள வெடிப்புகளை மூடிக்கொள்கிறது. உலரும்போது கண்ணாடிபோல் இறுகுகிறது. உள்ளே போன சத்து உள்ளேயே பூட்டப்படுகிறது. பின்னர் எத்துணை தீட்டினாலும் அதில் பெரும்பங்கு போவதில்லை. ஆலையில் தீட்டிய பச்சரிசி 100 கிராமில் எஞ்சும் தயமின் 0.06 மில்லிகிராம் அளவே, புழுங்கலரிசியிலோ 0.21 அளவு. உரலில் குத்திய பச்சரிசியும் ஏறக்குறைய இதே அளவுதான். வளர்ந்தவர் ஒருவர்க்கு நாளொன்றுக்குத் தேவை ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். சோற்றைத் தவிர வேறொன்றும் பெரிதாய் உண்ண வாய்ப்பில்லாத ஏழைக்கு இந்த வேறுபாடு எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த வேறுபாட்டின் பெயர் பெரிபெரி. ‘இயலாது, இயலாது’ என்னும் பொருள்பட்ட சிங்களச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பர். கால் மரத்துப் போகும், நடை தளரும், உடம்பு வீங்கும், முடிவில் நெஞ்சாங்குலை ஓய்ந்து ஆள் மாய்வான். நீராவியால் இயங்கும் அரவை ஆலைகள் கிழக்காசிய நாடுகளில் பெருகப் பெருக, இந்நோயும் பெருகிற்று. சிறைகளிலும் படைவீடுகளிலும் சுரங்கங்களிலும் மக்கள் மடிந்தனர். கரணியம் எவர்க்கும் விளங்கவில்லை. நோய்நுண்மம் என்றனர் சிலர். நிலத்திலிருந்து எழும் நச்சுக்காற்று என்றனர் சிலர்.

சாவகத்தின் பத்தேவியா நகரில் – இன்றைய சகார்த்தாவில் – கிறித்தியான் ஐக்மான் என்னும் ஒல்லாந்த மருத்துவர் இதனை ஆராய்ந்துவந்தார். 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் ஆய்வுக்கூடத்துக் கோழிகள் திடுமெனக் கால் தளர்ந்து விழுந்தன. சில திங்களில் தாமாகவே தேறியும் எழுந்தன. ஆராய்ந்தபோது கிடைத்த விடை வியப்பானது. படை மருத்துவமனைச் சமையற்காரர் எஞ்சிய வெண்சோற்றைக் கோழிகளுக்குப் போட்டுவந்தார். அவருக்குப்பின் வந்த புதிய சமையற்காரரோ, படைக்குரிய சோற்றைக் குடிக்கோழிகளுக்குப் போடமாட்டேன் என்று மறுத்துவிட்டார்! கோழிகள் தீட்டாத அரிசிக்குத் திரும்பின, பிழைத்தன. அந்தச் சமையற்காரரின் பிடிவாதம் இல்லையேல் ஐக்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு கிட்டியிருக்குமோ, யாரறிவார்? வெண்சோற்றில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்றுதான் ஐக்மானும் முதலில் கருதினார். நஞ்சு இருப்பதன்று, வேண்டியது இல்லாமையே நோய் என்று 1901-இல் எடுத்துரைத்தவர் அவருடன் பணிசெய்த கிரைன்சு என்பார்.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். மலையாவில் அந்நாளில் மூவகை மக்கள் அருகருகே உழைத்தனர். மலாயர் தம் வயல் நெல்லை அவ்வப்போது குத்தி உண்டனர். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசியை உண்டனர். தோட்டங்களுக்கும் சாலை வேலைக்கும் கொண்டுசெல்லப்பட்ட தமிழர் புழுங்கலரிசியே உண்டனர். பெரிபெரியால் கொத்துக் கொத்தாய் இறந்தவர் சீனர். தமிழரை அந்நோய் பெரும்பாலும் தீண்டவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிரேடன் என்னும் ஆங்கில மருத்துவர் இதைக் கூர்ந்து நோக்கி 1907-இல் நூலாகவே எழுதினார். தமிழர் அங்கே நலமாக வாழ்ந்தனர் என்று இதனால் எண்ணிவிடாதீர்கள். முறைக்காய்ச்சலாலும் வயிற்றுப்போக்காலும் கங்காணியின் கொடுமையாலும் மாண்டவர் கணக்கற்றோர். தாம் பழகிய சோற்றை விடாமையால் இந்த ஒரு நோயிலிருந்து தப்பினர், அவ்வளவே.

பிரேடனின் கருத்தை மெய்யா பொய்யா என ஆய்ந்து பார்த்தவர் வில்லியம் பிளெச்சர். இடம், கோலாலம்பூர் மனநோயர் இல்லம். 1905 திசம்பரில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண்ணினர் ஒரு கூடத்தில். அவர்களுக்குச் சயாம் பச்சரிசி. இரட்டைப்படை எண்ணினர் எதிர்க்கூடத்தில். அவர்களுக்கு இந்தியப் புழுங்கலரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. கூடத்தில்தான் ஏதேனும் கேடு உண்டோ என்ற ஐயத்தால், இடையில் இரு பிரிவினரையும் கூடம் மாற்றினார், அரிசியை மாற்றவில்லை. ஓராண்டு கழிந்தது. பச்சரிசி உண்ட 120 பேரில் பெரிபெரியால் இறந்தோர் 18 பேர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் அந்நோயால் இறந்தவர் ஒருவருமில்லை!

நண்பர்களே, அந்தப் பதினெண்மரை ஒரு நிமையம் நினையுங்கள். அறிவு கலங்கியவர்கள், எந்த வரிசையில் நிற்கிறோம், எதற்காக எண் சொல்கிறார்கள் என்று அறியாதவர்கள். இன்றைய மருத்துவ நெறிமுறை இத்தகைய ஆய்வை ஒருநாளும் ஒப்பாது. நாம் அடுப்படியில் அலட்டிக்கொள்ளாமல் அளந்துபோடும் அரிசியின் மதிப்பை உலகுக்கு மெய்ப்பித்த விலை அவர்கள் உயிர்.

பின்னர் பிரேசர், சுடேன்டன் என்னும் இருவர், சாலை அமைத்த சாவகத் தொழிலாளர் ஏறத்தாழ 300 பேரை இரு பிரிவாக்கி, அரிசியை மாற்றி மாற்றிக் கொடுத்து ஆய்ந்தனர். அரிசி போன பக்கமெல்லாம் நோயும் போயிற்று. 1909-இல் அதனை வெளியிட்டனர். 1912-இல் கசிமிர் பங்க் இத்தகைய சத்துகளுக்கு ‘வைட்டமின்’ என்று பெயரிட்டார். 1926-இல் பத்தேவியாவிலேயே யான்சன், தோனாத்து இருவரும் அரிசித் தவிட்டிலிருந்து தயமினைப் பளிங்காகப் பிரித்தெடுத்தனர். நம் நீலமலைக் குன்னூரில் 1918-இல் மெக்காரிசன் தொடங்கிய ஓரறை ஆய்வுக்கூடத்தின் பெயரே பெரிபெரி ஆய்வுப் பிரிவுதான். அதுவே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குச் சென்று, இன்று நாடறிந்த ஊட்டவியல் நிறுவனமாக விளங்குகிறது. அன்றைய சென்னை மாகாணத்தின் வடகடற்கரையில் பச்சரிசி உண்டோர்க்கு இந்நோய் இருந்தது. புழுங்கல் உண்ட தென்பகுதியில் இல்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘எம் முன்னோர் அன்றே தயமினை அறிந்திருந்தனர்’ என்று மேடையேறி முழங்குவோர் உண்டு. அத்தகைய பேச்சு நமக்குப் பெருமை தராது, நகைப்பையே தரும். அவர்கள் தயமினை அறியார். புழுக்கினால் அரிசி நொறுங்காது, வண்டு எளிதில் துளைக்காது, சோறு குழையாது, மறுநாளைக்கும் தாங்கும் என்பனவற்றை அறிந்திருந்தனர். கண்ணால் கண்டு, கையால் தொட்டு, பல்லால் கடித்து அறிந்த அறிவு அது. அதற்கு அறிவியல் விளக்கம் பின்னால் வந்தது. அவ்விளக்கத்தையும் நாம் அடுத்தவர் வாயிலாகவே கேட்டோம் என்பதுதான் என் வருத்தம். பெரிபெரி பற்றிப் பாடம் படிக்கும் நம் மாணவன், ‘பி ஒன்று குறைவால் வருவது’ என்று ஒப்பிக்கிறான். தன் வீட்டுப் பானையில் அதற்கு மாற்று இருப்பதை அவனுக்கு எவரும் சொல்லுவதில்லை. ‘புழுங்கல்’ என்ற சொல்லோடு சேர்த்து நான் வகுப்பில் சொன்னபோது, மந்தமானவன் என்று பெயர்பெற்ற மாணவன் ஒருவன் எழுந்து, ‘ஐயா, அப்படியானால் வடித்த கஞ்சியில் கொஞ்சம் போய்விடுமே?’ என்று கேட்டான். அஃது அறிவியலன்றோ?

அவன் கேட்டது முற்றிலும் உண்மை. நீரில் கரையும் பொருள் கஞ்சியோடும் கழுநீரோடும் போகத்தான் செய்யும். அரிசியை நாலைந்து தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவது வேண்டாத வேலை. ஓரிரு முறை அலம்பினால் போதும். வடிகஞ்சியைக் கொட்டாமல் உப்பிட்டுக் குடிக்கலாம், குழம்பில் சேர்க்கலாம். சோடா உப்பைச் சோற்றிலோ பருப்பிலோ போட்டு விரைவில் வேகவைக்கும் பழக்கத்தை அறவே விடுங்கள். காரம் தயமினைச் சிதைத்துவிடும்.

‘புழுங்கலரிசி நாறும்’ என்று மூக்கைப் பிடிப்போர்க்கு ஒரு சொல். அந்நாற்றம் அரிசியினுடையதன்று, இரண்டு மூன்று நாள் மாற்றாத குளிர்நீரில் நெல் புளிப்பதால் வருவது. 65, 70 பாகை வெந்நீரில் மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்தால் நாற்றமே இராது. மைசூரிலுள்ள உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இம்முறையைச் செய்துகாட்டியது. பலர்க்கு நாற்றம் மூக்கில் இல்லை, மனத்தில் இருக்கிறது. படையலுக்குப் பச்சரிசி, பண்ணையாளுக்குப் புழுங்கல் என்று அரிசியிலும் மேல்கீழ் வகுத்த மனம் அது. ‘சோறு’ என்று சொல்ல நாணிச் ‘சாதம்’ என்போரும் அந்த மனத்தினரே. தவிட்டிலும் புழுங்கல் தவிடே மேலானது. அவிக்கும்போதே எண்ணெயைக் கெடுக்கும் நொதி அழிந்துவிடுவதால் அது விரைவில் காறுவதில்லை. எண்ணெயும் மிகுதியாய்க் கிடைக்கிறது.

கஞ்சி என்றதும் செய்முறை கேட்டு அங்கே ஒரு தங்கை கையுயர்த்துகிறார். சொல்லிவிடுகிறேன். புழுங்கலரிசி நொய் ஒரு பங்கு, சிறுபயறு கால் பங்கு. இரண்டையும் மணம் வருமளவு வெறுஞ்சட்டியில் வறுத்து, ஒருமுறை அலம்பி, எட்டுப் பங்கு தண்ணீரில் இடுங்கள். ஒரு சிறு கரண்டி வெந்தயமும் உரித்த பூண்டு ஆறேழு பல்லும் உடன் போடுங்கள். பொங்கியதும் தீயைக் குறைத்து, மூடி, நன்கு குழையும்வரை விடுங்கள். வடிக்கவேண்டியதில்லை, சத்தெல்லாம் சட்டியிலேயே நிற்கும். இறக்கும்போது உப்பும், வாய்த்தால் ஒரு குவளைத் தேங்காய்ப்பாலும். தொட்டுக்கொள்ளப் பருப்புத் துவையலோ சுட்ட மிளகாயோ போதும். நோயுற்றுத் தேறுவோர்க்குத் துவையலை விட்டுவிட்டுச் சற்று நீர்க்கக் கொடுங்கள்.