இயற்கையைப் படம்பிடிப்போர்

மார்கழி மாதத்து வைகறைப் பொழுது. பண்ணைப் பாலத்தைக் கடந்து மண்டைதீவுப் பக்கமாக ஒருவர் துவிச்சக்கர வண்டியிற் செல்லுகின்றார். வாடைக்காற்று முகத்தில் அறைகின்றது. தோளிலே ஒரு பை. பையினுள்ளே கமராவும், நீண்ட வில்லையும், ஒரு போத்தல் தண்ணீரும், பழஞ்சாக்கு ஒன்றும். மீன்பிடிக்கப் போகின்றவர் என்றால் வலையைக் காணோம். உத்தியோகத்துக்குப் போகின்றவர் என்றால் உடையிற் சேறு படிந்திருக்கின்றது. அவர் கடனீரேரிப் பறவைகளைப் படம்பிடிக்கப் போகின்றார்.

நேயர்களே, நல்ல கருவியிருந்தால் இத்தொழில் எவருக்கும் எளிது என்று பலர் எண்ணுகின்றனர். அவருடன் ஒருநாட் காலை இருந்து பார்ப்போருக்கு உண்மை புலப்படும்.

முதலில் அவர் இடத்தைத் தேர்கின்றார். எழுகின்ற ஞாயிறு தம் முதுகுப்புறம் இருக்க வேண்டும். அப்போதுதான் பறவையின் முகத்தில் ஒளி விழும். அடுத்துக் காற்றின் திசையை நோக்குகின்றார். பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே மேலெழும் ஆதலால், அவை எத்திசையிற் கிளம்பும் என்பதை முன்னரே கணிக்கலாம். பின்னர் வடலி மறைவில் சாக்கை விரித்து, அதன்மேற் குப்புறப் படுத்துக்கொள்கின்றார். நின்றுகொண்டு எடுத்தால் பறவை கீழே கிடப்பதுபோலத் தோன்றும். அதன் கண்மட்டத்துக்குத் தாமும் தாழ்ந்தால்தான் அதன் உலகம் படத்தில் வரும். அதன்பின் செய்யவேண்டியது ஒன்றே: காத்திருத்தல். ஒரு மணியும் ஆகலாம். மூன்று மணியும் ஆகலாம். படம் பதிவாவதற்கோ ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும்.

தொலைவிலே பூநாரைக் கூட்டம் இரைதேடுகின்றது. வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் ஆழ்த்தி, நுண்ணுயிர்களை வடித்து உண்ணுகின்றது. அந்த உணவிலுள்ள நிறப்பொருளே அதன் சிறகுக்குச் செம்மை தருகின்றது. அக்கூட்டம் ஒருங்கே மேலெழும் காட்சி கண்கொள்ளாக் காட்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் அதைப் பெறுவதற்காகக் கல்லெறிபவரும் உளர், கைதட்டுபவரும் உளர், இந்நாளில் ஆளில்லாச் சிறுவிமானத்தை மேலே ஏவுபவரும் உளர். பூநாரை நீர்மேல் நெடுந்தூரம் ஓடியே பறக்கத் தொடங்கும். வீணாக ஒருமுறை கிளப்பப்படுமாயின், அது பாடுபட்டுத் தேடிய உணவின் வலிமை அவ்வளவும் வீணாகும். இரைதேடும் நேரமும் போகும். நல்ல ஒளிப்படக்காரர் கூட்டம் தானாக எழும்வரை காத்திருப்பார். எழாவிட்டால் வீடு திரும்புவார்.

கூடுகட்டும் காலத்தில் இந்தப் பொறுப்பு இன்னும் பெரிதாகின்றது. தரவையில் ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையிலேயே முட்டையிடும். மண்ணின் நிறமே முட்டையின் நிறம். கடும் வெயிலில் தாய்ப்பறவை முட்டைகளுக்கு நிழலாக நிற்கும். வயிற்றிறகை நீரில் நனைத்து வந்து அவற்றைக் குளிர்விப்பதும் உண்டு. அருகிற் சென்று படமெடுக்க முயல்பவர் அதனை அரைமணி நேரம் விரட்டி வைத்தாற் போதும். முட்டைகள் வெயிலில் வெந்துவிடும். அன்றேல், மனிதன் நிற்குமிடத்தை நோக்கியிருந்த காகம் அவற்றைக் கவர்ந்துவிடும். அழகிய படம் ஒன்று கிடைக்கும், குஞ்சுகள் கிடையா.

இந்தக் கலையின் முன்னோடிகள் பொறுமையையே பெருங்கருவியாகக் கொண்டனர். இங்கிலாந்தின் கேர்ட்டன் சகோதரர்கள் 1892ஆம் ஆண்டில் முட்டைகளோடு கூடிய பறவைக்கூட்டைப் படம்பிடித்தனர். பின்னர்ப் பறவைகள் அஞ்சாதிருக்கும் பொருட்டு, உள்ளீடற்ற மாட்டுருவம் ஒன்றினுட் புகுந்து ஒளிந்திருந்தனர். தமிழர்களுள் இத்துறையிற் புகழ்பெற்றவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தராக 1912இற் பிறந்தவர். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை ஒன்றிணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட பாரமான கமராவைச் சுமந்து காடெல்லாம் நடந்தவர். கறுப்பு வெள்ளைப் படங்களையே விரும்பி எடுத்தவர். 1950 முதல் 1996இல் மறையும்வரை கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கைபற்றி இடையறாது எழுதினார். இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அவருக்குப் படம் முடிவன்று. விலங்கின் வாழ்வை அறிவதற்கான வழியே படம்.

அவ்வறிவு நம் குடாநாட்டுக்கு இன்று மிக வேண்டியது. சுண்டிக்குளம் 1938இற் பறவைகள் சரணாலயமாகவும், 2015இல் தேசிய வனமாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. இடையில், 1983 முதல் 2009 வரையான போரிலே அப்பகுதியும் ஆனையிறவும் போர்முனைகளாயின. அக்காலத்தில் அங்கே கமராவுடன் பறவைகளைத் தேடிச் செல்வார் யார்? ஆதலால் இன்று நாளும் இடமும் குறித்து எடுத்துவைக்கப்படும் ஒவ்வொரு படமும் நாளைய ஆராய்ச்சிக்கு ஒரு சான்றாகும். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் சிறிய உப்புக்கொத்தி ஒன்று நெடுங்காலம் வேறோர் இனத்தின் கிளையெனவே கருதப்பட்டது. தோற்றத்தையும் மரபணுவையும் ஒப்பிட்ட ஆய்வாளர், அது தனியினமே என்று 2023இல் நிறுவினர். அனுமன் உப்புக்கொத்தி என்பது அதன் பெயர். கண்முன்னே ஓடித்திரிந்த குருவியையே உலகம் இவ்வளவு பிந்தித்தான் சரியாக அறிந்தது.

இப்போது நம் பிள்ளைகள் பலரின் கையிலே கமராவுடன் கூடிய தொலைபேசி இருக்கின்றது. படமெடுக்க அவர்களுக்கு ஒருவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எட்ட நிற்கவும், கூட்டைத் தொடாதிருக்கவும், பறவை கலங்கினால் பின்வாங்கவும் பெற்றோரும் ஆசிரியரும் கற்பித்தல் வேண்டும்.

வெயில் ஏறிவிட்டது. மண்டைதீவுக்குச் சென்றவர் சாக்கை உதறி மடிக்கின்றார். பூநாரைகள் இன்று எழவேயில்லை. அவர் விரும்பிய படம் கிட்டவில்லை. பையிலிருந்து சிறு குறிப்புப் புத்தகத்தை எடுத்து, திகதியையும், நேரத்தையும், தாம் எண்ணிய பறவைகளின் தொகையையும் எழுதுகின்றார். அவர் வண்டியேறிச் செல்லும்போது, பின்னாலே அக்கூட்டம் தலைகவிழ்ந்தபடி இன்னும் இரைதேடிக்கொண்டிருக்கின்றது. அவர் வந்ததும் போனதும் அதற்குத் தெரியாது.