மரத்துக்குச் சோறு போடுவது யார்?

(இளம்பிள்ளையில் செய்த சொற்பொழிவு)



கஞ்சமலைக் காட்டுக்கு யாரும் எருவடித்ததில்லை. ஆயினும் மரங்கள் தழைக்கின்றன. மலையின் மகிமை என்பார்கள். சருகைப் புரட்டிப் பார்த்தால் உண்மைக் காரணம் விளங்கும். மரவட்டையும் கறையானும் சருகைத் துண்டாக்குகின்றன. மண்புழு அதை மண்ணோடு தின்று கழிக்கிறது. பொடியானதைக் காளான்களும் நுண்ணுயிர்களும் எளிதில் பற்றுகின்றன. இவற்றைச் சிறு பூச்சிகள் மேயவே, அடைபட்டுக் கிடந்த தழைச்சத்து வெளிப்பட்டு வேருக்குச் சேருகிறது.

இங்கிலாந்தில் பல இடங்களில் ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 10 டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் வயிற்று வழியே செல்வதாக டார்வின் 1881-ல் எழுதினார்.

நான் சொல்வதனாலேயே நம்பிவிட வேண்டாம். சருகைச் சமமாக நிறுத்து, பெரிய கண்ணுள்ள நைலான் வலைப்பையில் பாதியும், நெருங்கிய இழையுள்ள நைலான் பையில் பாதியும் புதையுங்கள். நெசவாளர்களாகிய உங்களுக்கு இழைக்கணக்கு சொல்ல வேண்டியதில்லை. புழு நுழையாத பையில் சருகு அதிகம் மிஞ்சுவதை மழைக்காலம் கழிந்து பாருங்கள்.

நாம் செய்வதென்ன? சருகுக்குத் தீ வைக்கிறோம்; தழைச்சத்தில் பெரும்பகுதி புகையாய்ப் போகிறது; சாம்பலை மழை அடித்துச் செல்கிறது. புற்றுக்கோ பால் ஊற்றுகிறோம். உழைக்கிறவனைக் கொளுத்திவிட்டு அவன் வீட்டைக் கும்பிடுவதால் என்ன பயன்? ஆகவே, சருகைக் கொளுத்தாதீர்கள்!