புது மோட்டார் சைக்கிளும் துருவும்

(பாசிர் கூடாங்கில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம் என்று வந்தவர்களுக்கு இந்தத் தலைப்பு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் இதுவும் சம்பளப் பேச்சுதான். நம்மில் பலர் வாங்கும் மோட்டார் சைக்கிள் தவணைக்கு வந்த பொருள். 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டப்படி, கடைசித் தவணை கட்டி முடியும் வரை அது கடன் கொடுத்தவனுடைய உடைமை. ஆனால் துரு பிடித்தால் நஷ்டம் யாருக்கு? நமக்குத்தான். தவணை தீருமுன் சைலன்சரில் ஓட்டை விழுந்த வண்டிகளை நாம் பார்த்திருக்கிறோம்.

பாசிர் கூடாங்கில் 1977-இல் துறைமுகம் வந்தது; ஆலைகளும் பெருகின. அப்பா உள்ளே தோட்டத்தில் பால் வெட்டுகிறார், மகன் ஆலையில் வேலை செய்கிறான், வீட்டில் இருப்பதோ ஒரே வண்டி என்னும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. காலையில் ஒட்டுப்பால் மூட்டை ஏறிய வண்டியே மாலையில் கடற்காற்றில் நிற்கிறது. இரு பக்கத்து அரிப்பும் அதன்மேல்தான்.

இரும்பும், நீரும், காற்றிலுள்ள பிராணவாயுவும் கூடினால் துரு உண்டாகும். இதில் உப்பு சேர்ந்தால் வேலை வேகமாக நடக்கிறது. கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. அலையில் தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று கரைக்குக் கொண்டுவருகிறது. மழை பெய்யாத இரவிலும் அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பளபளக்கும் குரோம் பூச்சு நம்மைக் காக்கும் என்று நம்பவேண்டாம். அது மிக மெல்லியது. கண்ணுக்குத் தெரியாத துளைகள் அதில் உண்டு. அடியில் தொடங்கும் துரு, மேலே புள்ளியாகத் தெரியும்போது பாதி வேலையை முடித்திருக்கும்.

நம் தொழில் கொண்டுவரும் விஷயத்துக்கு வருவோம். பாலை உறையவைக்கும் பார்மிக் ஆசிட்டை அறியாதவர் இங்கே யார்? எறும்பு கடித்தால் எரிகிறதே, அதே அமிலந்தான். ஒட்டுப்பால் மூட்டையை கேரியரில் கட்டினால், சொட்டும் புளித்த நீர் பின் மட்கார்டுக்குள் இறங்கிச் சேற்றோடு தங்கிவிடுகிறது. பால் உறையாமலிருக்கச் சேர்க்கும் அமோனியா வேறு வகை. இரும்பை அது அவ்வளவாகத் தொடாது. செம்பையும் பித்தளையையும் தின்னும்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. இந்தியாவில் பிரிட்டிஷ் பட்டாளத்தார் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள் (நம் லயம் அன்று, குதிரை லாயம்!). சுடாமலே பித்தளை உறைகள் கீறிப்போயின. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியாதான் காரணம் என்பது 1921-இல் விளங்கியது. அமோனியா வாளியை வண்டியில் ஏற்றுகிற தோழர், ஒயர் முனைகளை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

நாமே ஒரு தவறு செய்தோம், சொல்ல வெட்கமில்லை. முதல் வண்டி வாங்கியபோது, கடையில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க மனம் வரவில்லை. புதுசு புதுசாகவே இருக்கட்டும் என்று விட்டோம். இரவில் அதன்மேல் கான்வாஸும் போர்த்தினோம். ஒரு மழைக்காலம் கழித்து உரித்தபோது, உறைக்குள் தேங்கிய ஈரத்தில் ஹேண்டில் முழுவதும் செம்புள்ளி. ஈர வண்டியைப் போர்த்துவதைவிடப் போர்த்தாமல் காற்றுப்பட விடுவதே மேல்.

ஆகவே, முதல் வாரத்திலேயே உறையை உரித்துவிடுங்கள். வேலை முடிந்து வந்ததும், சைலன்சர் ஆறியபின், நல்ல தண்ணீரால் மட்கார்டின் உட்புறத்தையும் சங்கிலிப் பக்கத்தையும் கழுவுங்கள். மேலே மட்டும் மினுக்கிப் பயனில்லை. ஆசிட் சொட்டியிருந்தால் நிறையத் தண்ணீர் விட்டு, ஆப்பச்சோடா கரைத்த நீரால் துடைத்து, மீண்டும் கழுவவேண்டும். கழுவியதும் நிறுத்திவிடாதீர்கள்; சிறிது தூரம் ஓட்டினால் பிரேக்கும் சங்கிலியும் உலரும். பிறகு குரோமுக்கு மெழுகு, சங்கிலிக்கு எண்ணெய், பேட்டரி முனைக்கு கிரீஸ்.

சிலர் பழைய எஞ்சின் எண்ணெயை வண்டி முழுவதும் பூசுகிறார்கள். தோழர்களே, ரப்பர்க்காரர்கள் நாம் இதைச் செய்யலாமா! எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிக் கெடும் என்பது நமக்குத் தெரியாததா? டயரிலும் பிரேக்கிலும் பட்டால் உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. லயத்திலிருந்து வெளிக்காட்டுக்கு ஐந்து நிமிடம் மட்டும் ஓடுகிற வண்டியில் சைலன்சர் முழுதும் சூடாவதில்லை. அந்த நீர் உள்ளேயே தங்கி அரிக்கிறது. வாரம் ஒருமுறையாவது அரைமணி நேரம் நன்றாக ஓட்டவேண்டும்.

இத்தனையும் செய்தாலும், வண்டியை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி நிற்கிறது. ஒரு தோட்டத்தில் அதிகாரிகளின் காருக்குக் கொட்டகை இருக்கிறது. தொழிலாளர் வண்டிகள் ஆசிட் ஸ்டோரின் பின்புறம் மழையில் நிற்கின்றன. கிராணிகளாகிய நம்முடைய வண்டியும் அங்கேதான். பக்கத்தில் காற்றோட்டமுள்ள கூரையும், ஒரு குழாயும் கேட்பது பெரிய கோரிக்கையா? ஆசிட்டையும் அமோனியாவையும் தொழிலாளி தன் சொந்த வண்டியில் சுமக்கக்கூடாது, தோட்ட வண்டியே கொண்டுசெல்லவேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்போம். இவ்விரண்டையும் எழுத்தில் கொடுக்கப்போகிறோம். அவரவர் தோட்டத்தில் எத்தனை வண்டிகள் வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன என்பதை எண்ணி, கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.