முதன்முதலாகக் குறி பார்த்தேன்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இம்மேடையில் இலக்கியமும் சமயமும் பேசிச் சென்ற அறிஞர்கள் பலர். அரசாங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்தே காலங்கழித்த எனக்கு அவ்விரண்டிலும் பேசத்தக்க புலமை இல்லை. ஆகவே, சென்ற மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் எனக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தைச் சொல்ல அனுமதி கேட்டேன். துப்பாக்கி சுடப் போன கதை என்றதும் செயலாளர் சற்றே திடுக்கிட்டார். பிறகு, "பேசுங்கள், ஐயா. ஆனால் கையில் ஒன்றும் கொண்டுவராதீர்கள்" என்றார்.

என் பேத்திக்கு வயது பதினைந்து. அவள் தந்தை அலுவல் காரணமாக வெளிநாட்டில் இருப்பதால், இங்கே அவளுக்குக் காப்பாளன் நான். பள்ளியின் மூலம் நான்கு முறை ஒரு பயிற்சிக் கூடத்துக்குச் சென்று வந்தவள், காற்றுத் துப்பாக்கி சுடுதலை முறையாகக் கற்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். காப்பாளர் கையொப்பமிட வேண்டிய இசைவுப் படிவம் என் மேசைமீது மூன்று வாரம் கிடந்தது. "வீணை வகுப்பு இருக்கும்போது பெண்பிள்ளை கையில் துப்பாக்கி எதற்கு?" என்பது என் மனைவியின் கேள்வி. பொதுத்தேர்வு நெருங்குகிறதே என்பது நான் சொன்ன காரணம். உண்மையில் தேர்வு ஒரு சாக்கு. செய்தித்தாளில் வரும் கொலைச் செய்திகளின் வழியாக அன்றி வேறெவ்வகையிலும் துப்பாக்கியை அறியாதவன் நான். அதன் பெயரே எனக்கு அச்சம் தந்தது.

"மறுப்பதானால் மறுத்துவிடுங்கள், தாத்தா. ஆனால் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு மறுங்கள்" என்றாள் பேத்தி. கோப்பைப் படிக்காமல் ஆட்சேபம் எழுதியவனை எங்கள் துறையில் ஒருவரும் மதித்ததில்லை. ஆகவே புறப்பட்டேன்.

இத்தில்லி மாநகரில் துக்ளகாபாத் கோட்டையைப் பார்க்காதவர் நம்மில் சிலரே இருப்பர். அப்பகுதியில், 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக அமைக்கப்பட்ட பெரிய துப்பாக்கி சுடும் திடல் ஒன்று இருக்கிறது. பிகானேர் மன்னர் டாக்டர் கர்ணி சிங்கின் பெயரை அது தாங்கி நிற்கிறது. 1952 முதல் 1977 வரை மக்களவை உறுப்பினராக இருந்த அவர், 1962-ஆம் ஆண்டு கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர். மன்னர்களின் பொழுதுபோக்காக இருந்த இக்கலை, இன்று பேருந்தில் வந்திறங்கும் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டது. நாங்கள் சென்றது அப்பெருந்திடலுக்கு அன்று. நம் காலனிக்கு அண்மையில், ஒரு கட்டடத்தின் நிலவறையில் இயங்கும் சிறு கூடத்துக்கே சென்றோம்.

படியிறங்கும்போது பெருமுழக்கத்தை எதிர்பார்த்துக் காதைப் பொத்திக்கொண்டேன். கேட்டதோ, காய்ந்த சுள்ளி ஒடிவது போன்ற சிற்றோசை. எட்டுப் பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். பேச்சு இல்லை. பத்து மீட்டருக்கு அப்பால், விளக்கொளியில், கறுப்பு வட்டம் அச்சிட்ட அட்டைகள் தொங்கின. நம் பிள்ளைகள் படிக்கும் அறைகளில் அத்தகைய அமைதியை நான் கண்டதில்லை.

பயிற்சியாளர் ஹரியானாவைச் சேர்ந்த இளைஞர். "பார்க்க மட்டும் வந்தீர்களா, தாதாஜி? ஒருமுறை சுட்டுப் பாருங்கள்" என்றார். ஆனால் முதல் அரைமணி நேரம் துப்பாக்கியைத் தொடவே விடவில்லை. குழாயின் முனை எப்போதும் குறி இருக்கும் திசையையே நோக்க வேண்டும். குறி பார்க்கத் தொடங்கும்வரை விரல் விசையின்மேல் படலாகாது. கீழே வைக்கும்போது அடைப்பைத் திறந்து, பளிச்சென்ற நிறமுள்ள கயிறு ஒன்றைக் குழாயினுள் செலுத்தி வைக்க வேண்டும். உள்ளே குண்டு இல்லை என்பதற்கு அக்கயிறே சாட்சி. எல்லாரும் கீழே வைத்த பின்னரே எவரும் கோட்டைத் தாண்டலாம். இவ்வளவையும் என் வாயால் திருப்பிச் சொல்லச் செய்த பிறகே கைத்துப்பாக்கியைக் கொடுத்தார்.

அது ஏறத்தாழ ஒரு கிலோ எடை இருக்கும். அதனை ஒற்றைக் கையால் நீட்டிப் பிடிக்க வேண்டும் என்பது விதி. மற்றொரு கையின் துணை கூடாது. ஈயக் குண்டின் குறுக்களவு நாலரை மில்லிமீட்டர். அட்டையின் நடுவில் பத்துப் புள்ளி தரும் வட்டம் பதினொன்றரை மில்லிமீட்டர்தான். நீள்துப்பாக்கிக்காரர்களின் பாடு இன்னும் கடினம். அவர்களுக்குரிய பத்துப் புள்ளி வட்டம் அரை மில்லிமீட்டர் பொட்டு!

எனக்கு வயது எழுபத்திரண்டு. கையில் நடுக்கம் உண்டு. கையொப்பம் பொருந்தவில்லை என்று வங்கியில் ஒருமுறை என் காசோலையைத் திருப்பிவிட்டார்கள். அது முதல் பிறர் எதிரில் பேனா எடுக்கவே கூச்சம். நீட்டிய கையின் முனையில் துப்பாக்கி ஆடிய ஆட்டத்தைக் கண்டு, இது நமக்கு ஆகாது என்று எண்ணினேன். எண்ணியதைப் பேத்தியிடம் சொல்லத் திரும்பினேன். முகம் மட்டும் திரும்பவில்லை. உள்ளே குண்டுடன் துப்பாக்கியும் கூடவே திரும்பியது.

பயிற்சியாளர் என் மணிக்கட்டைப் பற்றி முன்புறமாக அழுத்தினார். அடுத்த பாதையில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் நின்றிருந்தான். காற்றுத் துப்பாக்கிதானே என்று எண்ண வேண்டாம். அந்தச் சிறு ஈயம் ஒரு கண்ணைப் போக்கப் போதும். எனக்கு உடல் வியர்த்துவிட்டது. பின்னாலிருந்து பேத்தியின் குரல் வந்தது: "தாத்தா, பேச வேண்டுமானால் முதலில் கீழே வையுங்கள். கயிற்றைப் போடுங்கள். பிறகு திரும்புங்கள்." அக்குரலில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. அரைமணி நேரத்துக்கு முன் நான் ஒப்பித்த பாடத்தை அவள் எனக்கு நினைவூட்டினாள், அவ்வளவே. இந்தப் பெண்ணிடம் துப்பாக்கியை நம்பிக் கொடுக்கலாமா என்று சோதிக்க வந்தவன் நான் என்பதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சற்று நேரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். பிறகு, போய்விடலாம் என்ற என்னை அவள் விடவில்லை.

துரோணர் வைத்த தேர்வில் பறவையை அன்றி வேறொன்றும் தெரியவில்லை என்று அருச்சுனன் சொன்ன கதையை நாம் எல்லாரும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். நானும் அவ்வாறே கறுப்பு வட்டத்தை உற்று நோக்கிச் சுட்டேன். முதல் பத்தில் மூன்று குண்டுகள் அட்டைக்கே வரவில்லை. பயிற்சியாளர் சொன்னது அருச்சுனனுக்கு நேர்மாறு. "குறியைப் பார்க்காதீர்கள். குழாயின் முனையில் இருக்கும் முன்குறியைப் பாருங்கள். அது தெளிவாகவும் அட்டை மங்கலாகவும் தெரியட்டும்" என்றார். கண்ணால் அருகையும் தொலைவையும் ஒரே நேரத்தில் தெளிவாகக் காண இயலாது. முன்குறி, பின்குறியின் பிளவுக்குள் நேராக நில்லாமல் இம்மியளவு சாய்ந்தாலும், பத்து மீட்டர் தொலைவில் அப்பிழை பன்மடங்காகிவிடுகிறது. கறுப்பு வட்டமோ மங்கினாலும் எங்கும் போய்விடாது. நடுக்கத்தைப் பற்றிக் கேட்டேன். ஒலிம்பிக்கில் சுடுவோர் கையும் அசையத்தான் செய்யும், குறைவாக அசையும் என்றார். அசைவு நிற்கும் கணத்துக்காகக் காத்திருந்து வெடுக்கென்று விசையை இழுப்பதே கெடுதல். வலக்கைக்காரர் அவ்வாறு இழுத்தால் குண்டு பெரும்பாலும் கீழே இடப்புறம் போய்விழும். என் அட்டையைப் பார்த்தேன். துளைகள் எல்லாம் கீழே, இடப்புறம்.

அசைவது அசையட்டும் என்று விட்டு, விசையை மெல்ல மெல்ல அழுத்தினேன். எப்போது வெடிக்கும் என்று எனக்கே தெரியாதபடி வெடித்தது. அடுத்த பத்தும் அட்டையில் விழுந்தன. ஒன்று ஒன்பதாம் வளையத்தைத் தொட்டது. அந்த அட்டை இன்று என் புத்தக அலமாரியில் இருக்கிறது. விரும்புவோர் வீட்டுக்கு வந்து காணலாம்.

திரும்பும் வழியில் பேத்தி ஒரு பெயரைச் சொன்னாள்: இளவேனில் வாலறிவன். கடலூரில் பிறந்து, நம் பிள்ளைகளைப் போலவே வெளிமாநிலத்தில், அகமதாபாத்தில் வளர்ந்த பெண். நீள்துப்பாக்கியில் உலகக் கோப்பைத் தங்கம் வென்று, டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக் களத்தில் நின்றவர். 2024-இல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்ற மனு பாக்கரை அறிந்திருந்த எனக்கு, இத்தமிழ்ப் பெயர் தெரியாதிருந்தது வெட்கமாயிற்று.

அன்றிரவு உணவுக்குப் பின் படிவத்தை எடுத்துக் கையொப்பமிட்டேன். வீணை வகுப்பு நிற்கக்கூடாது என்று பாட்டி ஒரு நிபந்தனை விதித்தாள், பேத்தி ஒப்புக்கொண்டாள். பிறகு படிவத்தை விளக்கடியில் பிடித்துப் பார்த்தவள், "தாத்தா, கையெழுத்தும் கீழே இடப்புறம்தான் போயிருக்கிறது" என்றாள்.