எரிந்தும் அழியாத முகம்



படைப்பவர் மறைந்தபின் படைப்பு யாரிடம் வாழ்கிறது? பிரெஞ்சு நடிகை ரெனே ஃபால்கொனெத்தியின் வரலாறு எழுப்பும் வினா இது.

1892இல் பாரிஸை அடுத்த பாந்தேனில் பிறந்த அவர், நாடக மேடையில் புகழ் பெற்றவர். இன்பியல் நாடகமொன்றில் அவரைக் கண்டார் டென்மார்க் இயக்குநர் கார்ல் டிரேயர். ஒப்பனைக்கு அடியில் வேறொரு முகம் இருப்பதை உணர்ந்தார். அதுவே, 1431இல் ரூவான் நகரில் தீயிட்டுக் கொல்லப்பட்ட ஜோன் ஆஃப் ஆர்க்கின் முகமாயிற்று.

'ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்' 1928இல் வெளிவந்த மௌனப் படம். ஜோனின் விசாரணைப் பதிவேடுகளே அதன் அடித்தளம். ஏறத்தாழப் பத்தொன்பது வயதில் மாண்ட பெண்ணாக, முப்பத்தைந்து வயதை எட்டிய நடிகை நடித்தார். முகத்தில் ஒப்பனை இல்லை. தலைமுடி ஒட்ட வெட்டப்பட்டது. உதடுகள் பேசுகின்றன, ஓசை இல்லை. கண்களே வழக்காடுகின்றன. ஜோனுக்கு இரங்கும் இளந்துறவியாக நடித்தவர் கவிஞர் அந்தோனின் ஆர்த்தோ என்பது இவ்வவைக்கு உவப்பான செய்தி.

அதே ஆண்டில் படத்தின் மூல நெகட்டிவ் பெர்லினில் தீக்கிரையாயிற்று. நாயகியை உண்ட நெருப்பு படத்தையும் உண்டது. ஒதுக்கி வைத்திருந்த காட்சிகளைக் கொண்டு டிரேயர் மறுபடியும் ஒரு படத்தைத் தொகுத்தார். ஃபால்கொனெத்தி அதன்பின் திரையில் நடிக்கவில்லை. தாய்நாட்டைவிட்டுத் தென்னமெரிக்கா சென்ற அவர், 1946இல் புவனஸ் அயர்சில் காலமானார்.

1981இல், நார்வேயின் ஆஸ்லோவுக்கு அருகில் ஒரு மனநல மருத்துவமனையில் பழைய படச்சுருள்கள் அகப்பட்டன. தீக்கு முந்தைய மூல வடிவத்தின் பிரதி அது! நடிகை மறைந்து முப்பத்தைந்து ஆண்டுகள்; இயக்குநர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகள். இருவருமே அதைக் காணவில்லை.

அவர் வாழ்நாளெல்லாம் நடித்த மேடை நாடகங்கள் திரை விழுந்தவுடன் காற்றோடு கலந்தன. எஞ்சியது இந்த ஒரு முகம். அதுவும் யாரோ ஒருவர் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் எஞ்சியது. படைப்பது கலைஞரின் கடமை; காப்பது பிறர் கடமை. அச்சேறாத கவிதைகளைத் தாங்கிய பழைய குறிப்பேடு எதையும் எடைக்குப் போடுமுன் அந்த ஆஸ்லோ சுருள்களை நினைவிற் கொள்க.