வேலையோடு ஒரு பட்டம்

தோட்டத்து அலுவலகத்திலோ ஹட்டன் கடைவீதியிலோ வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெற நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எது சீக்கிரம் முடியும்?" நியாயமான கேள்விதான். ஆனால் சீக்கிரம் என்பதைக் கைநூலில் உள்ள ஆண்டுக்கணக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை. வேலையோடு படிப்பவருக்கு இரண்டு வழிகளைப் பார்ப்போம். பல்கலைக்கழகங்களின் வெளிவாரிப் பட்டத்துக்குச் செலவு குறைவு. வகுப்போ பெரும்பாலும் நம் பொறுப்பு. டியூஷனும் குறிப்பும் தேடி அலைந்து, பரீட்சையைத் தள்ளிப்போட்டால் மூன்றாண்டுப் பட்டம் ஆறாண்டாகும். மற்றது, 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். அது அச்சிட்ட பாடநூல் தருகிறது. ஹட்டனிலேயே கற்கை நிலையமும் வைத்திருக்கிறது. உயர்தரம் சித்தியடையாதவருக்கும் அடிப்படைக் கற்கைநெறி வழியாகக் கதவு உண்டு.

"அங்கே கட்டணம் கட்ட வேண்டுமே, இழுத்தடிக்குமே" என்பார்கள். உண்மைதான். ஆனால் வருடந்தோறும் கைக்கு ஏற்றபடி பாடங்களைக் குறைத்தும் கூட்டியும் எடுக்கலாம், கட்டணமும் அதற்கேற்பத்தான். வெளிவாரி வகுப்புக்காகக் கொழும்புக்கு ஓடும் பஸ் செலவையும், லீவு போட்டு இழக்கும் நாட்சம்பளத்தையும் சேர்த்துப் பாருங்கள், கணக்கு மாறும். விரைவுப் பட்டம் என்று விளம்பரம் செய்யும் தனியார் நிறுவனங்களிடம் பணம் கட்டுமுன், அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று விசாரியுங்கள். ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கும் நாளில் அதைத்தான் கேட்பார்கள்.